பாரம் ஏறிய பிறகு

"பின்னால யாரு உட்காரப் போறாங்க?"

எந்த வண்டி வொர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். என்ன கோளாறு, எப்போது வேண்டும் என்பதெல்லாம் பிறகு. முன் சீட்டைப் பற்றி அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. முன் சீட்டில் துரை உட்காருவார், இல்லாவிட்டால் ஆபீஸ் கணக்கைப் பார்க்கிற பெரிய கிராணி உட்காருவார். அவர்களுக்கு மெத்தை உண்டு. பின்னால் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலப் பலகை. காய்ச்சல்காரர்கள், பாம்பு கடித்தவர்கள், மாசமான பெண்கள், அவர்களோடு நான். எங்களுக்காகக் கேட்ட ஒரே ஆள் அவர்.

நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. துரை முதல் கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. வயது இருபத்தாறு, வாய்க்கு அதைப்போல இரண்டு மடங்கு என்பார் எங்கள் டிரசர். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கிடையாது, மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரசர்தான் எல்லாம். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் தோட்டத்து பிட்டர். ரப்பர் உருளை மெஷினிலிருந்து துரை வீட்டுத் தண்ணீர்க் குழாய் வரை எது நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசக்கூடாது என்று வாழ்ந்த மனிதர். அவருக்கு நான் செய்தது போதும், பெயரையாவது விட்டுவிடுகிறேன்.

அது அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் போலீஸ். வெள்ளைக்கார அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்களுக்கு ஒரு பிடி சோறு போய்ச் சேரக்கூடாது என்று அரிசிக்கு அளவு, சர்க்கரைக்கு அளவு, உப்புக்கும் அளவு. ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது. பால் வாளிக்குள் கை விட்டுப் பார்ப்பார்கள். பெண்களின் கொண்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பார்கள். பிடிபட்டால் சிறை. சிறை முடிந்தால் கப்பலேற்றி, பார்த்தேயிராத இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். உப்பு என்கிற வார்த்தையை உரக்கச் சொல்லவே பயந்த காலம் அது.

எங்கள் ஜீப், உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் தள்ளிவிட்டுப் போன சாமான். கோல சிலாங்கூர்ப் பக்கத்துக் கடல் காற்று இரும்பை விட்டுவைக்காது. பின்பக்கத் தரை சல்லடையாகிவிட்டது. ஒரு தடவை என் செருப்பு ஒன்று அந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்தது. நிறுத்தச் சொன்னேன். டிரைவர் காசி நிறுத்தவில்லை.

"ஒத்தச் செருப்புக்கு நிறுத்தினா ரெண்டு பேரும் சூடு வாங்கிச் சாவணும் மிஸ்ஸி. பரவால்ல லா, வேற வாங்கிக்கிங்க" என்றான்.

காட்டிலிருந்து சுடுவார்கள் என்கிற பயம் துரைக்கும் இருந்தது. முன் சீட்டின் பக்கவாட்டிலும் முதுகிலும் கனத்த இரும்புத் தகடு அடிக்கச் சொன்னார். பின்னால் உட்காருகிறவர்களுக்குத் தகடு கிடையாது. அடித்துக் கொடுத்தவர் எங்கள் பிட்டர்தான். அடிக்கும்போது, "பின்னால யாரு உட்காரப் போறாங்க துரை?" என்று கேட்டாராம். துரை தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். அந்தத் தகட்டின் கனத்தில் இரண்டே மாதத்தில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் செத்துப்போயின.

அவற்றை அவர் மாற்றிய அழகைச் சொல்ல வேண்டும். துருப்பிடித்த நட்டை அவர் ஓங்கி அடித்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் கலந்து கோழி இறகால் தடவி வைப்பார். மறுநாள் காலையில் சின்னச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுவார். ஸ்பேனரை மாட்டி முதலில் கழற்ற மாட்டார், கொஞ்சம் இறுக்குவார். துளி அசைந்தது தெரிந்த பிறகுதான் மறுபக்கம் திருப்புவார். காசிக்குப் பொறுமை போய்விடும்.

"ஒரு போடு போட்டா வந்துரும் லா!"

"வரும். பாதி வரும், பாதி உள்ள நிக்கும்" என்பார், தலையைத் தூக்காமல்.

இன்னொரு பழக்கம், ஜாக்கியை நம்ப மாட்டார். ஜாக்கி ஏற்றிய பிறகும் சட்டத்தின் அடியில் இரண்டு பக்கமும் ரப்பர் மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, காலால் உதைத்துப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை உதைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் போவார். யாராவது கட்டை இல்லாமல் கையை உள்ளே நீட்டிவிட்டால், அந்தச் சாதுவான மனிதருக்கு அப்படி ஒரு கோபம் வரும். ஒரு நாள் காசியைக் கன்னத்தில் அறைந்தேவிட்டார். அறைந்த பிறகு அவரே உட்கார்ந்து நடுங்கினார். கிறுக்கு என்று நாங்கள் சிரித்தோம்.

ஷாக் அப்சார்பர் என்கிற அந்தப் புதுக் குழாயை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி இழுத்துக் காற்றைப் போக்குவார். அதன் இரண்டு முனைக் காதுகளிலும் ரப்பர் புஷ் என்கிற வளையத்தைச் செருகி, சட்டத்தில் ஒரு காது, அச்சில் ஒரு காது என்று மாட்டி, நட்டை விரலால் மட்டும் ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார். கட்டைகளை எடுத்து, ஜாக்கியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் ஊன்றிய பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கூப்பிடுவார்.

"ஏறி உட்காருங்க."

முதல் தடவை கூப்பிட்டு அனுப்பியபோது எனக்கு எரிச்சல். ஆஸ்பத்திரியில் முப்பது காய்ச்சல்காரர்களை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார நான் என்ன கல்யாணப் பெண்ணா என்று கேட்டேன்.

"வண்டி தொங்குறப்ப முறுக்கினா, பாரம் ஏறினதும் ரப்பர் திருகிக் கிழிஞ்சிரும் மிஸ்ஸி. பாரம் ஏறின பொறவுதான் முறுக்கணும். யாரு போவாங்களோ அவங்க பாரம்."

"நாலு மணல் மூட்டைய ஏத்துறதுதானே?"

"மணல் மூட்டைக்கு வலிக்காதுங்களே" என்றார்.

என்னையும், பால்மாவுப் பெட்டியையும், ஆஸ்பத்திரியில் எழுந்து நடக்க முடிந்த இரண்டு நோயாளிகளையும் ஏற்றி உட்காரவைத்துவிட்டு அடியில் போய்க் கடைசி முறுக்கு முறுக்கினார். அது அவர் வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை ஆள் குறைகிறது என்று, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற துரையையே பின் பலகையில் ஏறச் சொன்னார். துரையும் என்ன தோன்றியதோ, ஏறி முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். காசி அதை ஒரு வருஷம் சொல்லிச் சிரித்தான்.

ஷாக் அப்சார்பருக்கு அப்படி என்ன பெரிய உத்தியோகம் என்று நான் சீண்டியபோது சொன்னார்:

"வில்லுப் பட்டை பாரத்தத் தாங்கிரும். ஆனா தாங்கினது ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்த அடக்குறது இந்தக் குழாதான். உள்ள எண்ணெ இருக்கு. எண்ணெ போச்சுன்னா வெறுங்குழா."

வெறுங்குழாய் என்று அவர் சொன்னபோது அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

தனியாள். மனைவி எப்போதோ காலமாகிவிட்டாள். பேராக்கில் ஏதோ ஒரு டவுனில் நல்ல வொர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு, இந்தச் சேற்றுத் தோட்டத்துக்குப் பாதிச் சம்பளத்துக்கு ஏன் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரே மகன், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இருக்கிறான் என்பார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல சிலாங்கூருக்குப் போய், படகில் ஆற்றைக் கடந்து பாசிர் பெனம்பாங்கில் கருவாடு வாங்கி வருவார். வாரத்துக்கு இரண்டு காட்டி கருவாடு, கிலோவில் சொன்னால் ஒன்றேகால். ஒற்றை வயிறு அவ்வளவு தின்னுமா? தின்னாது. பாதியை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுவார். வாயில் வைத்தால் உப்பே இருக்காது.

"சுரண்டிக் கழுவிட்டேன் மிஸ்ஸி. உப்பு ஒடம்புக்கு ஆகாது."

பார்த்தீர்களா, ஒரு பிட்டருக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லை என்று நான் நோயாளிகளிடம் பெருமையடித்தேன்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் மகன் சிங்கப்பூரில் இல்லை. எங்கள் தோட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் டிவிசனுக்கு அப்பால் இருந்த சதுப்புக் காட்டுக்குள் இருந்தான். மகன் எந்தக் காட்டில் இருக்கிறான் என்று எப்படியோ தெரிந்துகொண்டுதான் தகப்பன் அந்தத் தோட்டத்தில் வேலை கேட்டு வந்திருந்தார். வாரம் முழுதும் கருவாட்டிலிருந்து சுரண்டிய உப்பைச் சேர்த்து வைப்பார். பழைய ஷாக் அப்சார்பர் நாலின் உள்ளுறுப்பை எடுத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு என்று வெறுங்குழாயில் உப்பைக் கொட்டி, மூடி வைத்து, வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பில் மாட்டுவார். வெள்ளிக்கிழமைதான் நான் மூன்றாம் டிவிசனுக்கு மருந்தோடு போகிற நாள். துருப்பிடித்த வண்டி, வழியில் நின்றுவிடும் என்று அவரும் கூட வருவார். கேட்டில் போலீஸ் எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கும். சேறு அப்பிய ஷாக் அப்சார்பரை யார் கிளறுவார்கள்? அங்கே போனதும் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அடியில் படுத்து, உப்புக் குழாயைக் கழற்றி அங்கிருந்த சின்னப் பாலத்துச் சந்தில் வைத்துவிட்டு, கருவிப் பெட்டியில் கொண்டுவந்த நல்ல குழாயை மாட்டிவிடுவார். மறுவாரம் காலிக் குழாய் அதே சந்தில் கிடக்கும்.

இதெல்லாம் பிற்பாடு அவர் வாயால் கேட்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவர் யாரையும் "ஏறி உட்காருங்க" என்று கூப்பிட்டதில்லை.

"உங்க ஜீப்பு போறப்ப குதிக்குது, வர்றப்ப சாதுவா வருது. என்னண்ணே விசயம்?" என்று ஒரு முறை கேட்டேன்.

"வீட்டுக்குத் திரும்புற அவசரம் அதுக்கும் இருக்கும்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லயத்துப் பெண் அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. தலைப்பிள்ளை. நாள் இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வலி கண்டு, இரத்தமும் போய்க்கொண்டிருந்தது. டிரசர் பார்த்துவிட்டு, இங்கே முடியாது, உடனே கோல சிலாங்கூருக்குக் கொண்டுபோ என்றார். மூன்றாம் டிவிசனுக்கென்று தயாராக நின்ற ஜீப்பைக் காசி ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்தான். துணைக்கு இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு ஏறினார்கள்.

அப்போது வொர்க்‌ஷாப்பிலிருந்து அவர் ஓடி வந்தார்.

"அரை மணி நேரம் குடுங்கய்யா. பின் சாக்கப்சர் சரியில்ல. மாத்திக் குடுத்துடுறேன்."

"ரத்தம் போயிக்கிட்டிருக்கு, ஒனக்கு சாக்கப்சராடா கேட்குது?" என்று கத்தினார் டிரசர்.

"கா மணி நேரம்..."

"வழிய விடு!"

போலீஸ்காரர்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜீப்பின் பின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சலையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். எனக்கு ஆத்திரம். "கைய எடுங்கண்ணே" என்றேன். எடுத்துவிட்டார். ஜீப் கிளம்பிய பிறகு, "காசி, பள்ளம் பாத்துப் போ, காசி!" என்று அவர் கத்திக்கொண்டே கூட ஓடி வந்தது கேட்டது.

பன்னிரண்டு மைல். அரைவாசி செம்மண் ரோடு. அந்தப் பயணத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த பள்ளம் வரும்வரை ஜீப் ஆடிக்கொண்டே போனது. அஞ்சலையின் தலை என் மடியில். ஒவ்வொரு தூக்கலுக்கும் அவள் என் தொடையைப் பிடித்துக் கசக்கினாள். கன்றிப்போன தடம் ஒரு மாதம் இருந்தது.

அஞ்சலை பிழைத்தாள். ஆண் குழந்தை செத்துப் பிறந்தது.

கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரி டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று. குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, தோலைப் பார்த்தாலே தெரியவில்லையா, எந்த வண்டியில் கொண்டுவந்திருந்தாலும் இதுதான், என்றார். பிறகு, "நேற்று அசைவு இல்லை என்று அவள் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

சொன்னாள். வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து, "நேத்திலருந்து புள்ள அசையவே இல்ல மிஸ்ஸி" என்றாள். அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் வேலை. வயிற்றில் காது வைத்துக்கூடக் கேட்கவில்லை. "பொறக்கப் போற புள்ள அடங்கித்தான் கெடக்கும். போயி படு" என்று அனுப்பிவிட்டேன். அன்றே கேட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரிடம், "இல்லை, ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

பிறகு ஜீப்பின் பின்பக்கத்தைக் கழுவப் போனேன். காசியும் போலீஸ்காரர்களும் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்தபோது வலது சக்கரத்துக்குப் பின்னால் செம்மண்ணில் வெள்ளையாகக் கொஞ்சம் கொட்டிக் கிடந்தது. கல் பட்டுக் குழாயின் மூடி பிளந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

உப்பில்லாத கருவாடு, வெள்ளிக்கிழமைக் குதியல், அரை மணி நேரம் கேட்டுக் கெஞ்சியது எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டன. அவ்வளவு கோபத்திலும் என் கை என்ன செய்தது தெரியுமா? பையிலிருந்த பஞ்சை எடுத்துப் பிளவில் திணித்து, பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் சேற்றை அள்ளிப் பூசியது. கொட்டிக் கிடந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். பிடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லவள் என்பதால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் போலீஸ்காரன் கம்பியால் பலகைக்கடியில் குத்திப் பார்த்தான். போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

வொர்க்‌ஷாப்பில் அவர் காலையில் நின்ற அதே கோலத்தில் நின்றுகொண்டிருந்தார். காசி போகும்வரை காத்திருந்தேன்.

"உப்பு கொட்டுதுண்ணே" என்றேன்.

அவர் பதறவில்லை. ஜீப்பைக்கூடப் பார்க்கவில்லை.

"புள்ள?" என்றார்.

"போயிருச்சு."

"ரோட்டுலயா?"

அங்கேதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். யாரோ ஒருத்தர் தலையில் போட வேண்டியிருந்தது, அவர் எதிரே நின்றார்.

"ஜீப்பு குதிச்சுது" என்றேன்.

அப்படியே கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். மகன் உள்ளே இருப்பதை, அவனுக்கு உப்பு இல்லாமல் கால் வீங்கிப்போனதை, பாலத்துச் சந்தை. சின்ன வயதில் மகன் வண்டிக்கடியில் கைவிட்டபோது ஜாக்கி நழுவி இடது கைச் சுண்டுவிரல் பாதி போனதைச் சொல்லும்போதுதான் அழுதார். "அன்னிக்கு முட்டுக் கட்டை வைக்காம விட்டது நான்தான் மிஸ்ஸி" என்றார். காசிக்கு விழுந்த அறை எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே ஜீப்பிலிருந்த இரண்டு வெறுங்குழாய்களையும் கழற்றிச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கினார். அவர் ஓங்கி அடித்து நான் பார்த்தது அன்றுதான். உப்பைக் கால்வாயில் கொட்டினார். நல்ல குழாய்களை மாட்டிவிட்டு, "ஏறி உட்காருங்க மிஸ்ஸி" என்றார். உட்கார்ந்தேன். முறுக்கினார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜீப் போகும்போதும் சாதுவாகப் போனது. மூன்றாம் டிவிசனில் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது அவர் தன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாசிர் பெனம்பாங்குக்குப் போவதை நிறுத்திவிட்டார். அஞ்சலை லயத்துக்கு ஒவ்வொரு வாரமும் விறகு வெட்டிப் போட்டார். ஏன் என்று அஞ்சலைக்கும் புரியவில்லை, அவள் புருஷனுக்கும் புரியவில்லை. வயசான மனுஷனுக்கு ஏதோ பாசம் என்று விட்டுவிட்டார்கள். அந்த விறகுக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு வழியாகப் போய்விடுவேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஐந்து மாதம் போய்விட்டது.

ஒரு நாள் காலை மூன்றாம் டிவிசன் வேலி ஓரத்தில், மரவள்ளிக் கிழங்கு பிடுங்க வந்த ஒருவனைப் போலீஸ் சுட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பசியில் வெளியே வந்தவன். பிணத்தைக் கோல சிலாங்கூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், அவர்கள் வண்டி சேற்றில் சிக்கிவிட்டது, தோட்டத்து ஜீப்பைக் கொடு என்றார்கள். ஜீப் அப்போதுதான் பின் புஷ் தேய்ந்து வொர்க்‌ஷாப்பில் நின்றது. அவர் புதுப் புஷ் போட்டு, நட்டை விரலால் ஏற்றி, ஜாக்கியை இறக்கியிருந்தார். மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்கள். மூடுவதற்கு ஒரு துணி கொண்டு போகச் சொல்லி டிரசர் என்னை அனுப்பினார்.

துணியைப் போர்த்தினேன். எலும்பும் தோலுமான உடம்பு, கால் மட்டும் வீங்கியிருந்தது. இடது கை துணிக்கு வெளியே தொங்கியது. உள்ளே எடுத்து வைக்கத் தொட்டேன். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

போலீஸ் கோப்ரல் பிணத்தின் முகத்திலிருந்த துணியை விலக்கி, இவனைத் தெரியுமா என்று நின்றிருந்த ஒவ்வொருவரிடமும் மலாயில், "கெனால்? கெனால்?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். தெரியும் என்று சொன்னால் அவர்களோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், பிறகு திரும்பி வர முடியாது. காசி தெரியாது என்று தலையாட்டினான். நானும் அப்படியே தலையாட்டினேன். கோப்ரல் அவரிடம் வந்தான். அவர் குனிந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தார். தேவைக்கு மேலேயே பார்த்தார். பிறகு தெரியாது என்று தலையாட்டினார்.

"வண்டி ரெடியா?" என்று காசி கேட்டான்.

"ஏத்துங்க" என்றார். "பாரம் ஏறின பொறவுதான் முறுக்கணும்."

ஏற்றினார்கள். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனார். நாலு நட்டு. எப்போதும் ஐந்து நிமிஷத்து வேலை. அன்று அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஸ்பேனர் சத்தமும் நின்றுவிட்டது. கோப்ரல் பொறுமையிழந்து சக்கரத்தை உதைத்தான். ஊர்ந்து வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் சேறும் எண்ணெயும். அதில் கண்ணீர் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

"காசி, பள்ளம் பாத்துப் போ" என்றார்.

"செத்தவனுக்குப் பள்ளம் என்ன, மேடு என்ன லா" என்று காசி சிரித்துக்கொண்டே கிளப்பினான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அவரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். வியாழக்கிழமை அஞ்சலை வந்ததிலிருந்து தொடங்கி, டாக்டர் சொன்னது வரை. வழி முழுக்க வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

கோல சிலாங்கூரிலிருந்து திரும்பி வந்திருந்த ஜீப்பின் பின்பக்கத்தை அவர் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். நான் வாய் திறப்பதற்கு முன் அவரே கேட்டார்.

"மிஸ்ஸி, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும். அன்னிக்கு அந்தப் புள்ள... ஜீப்பு குதிச்சதாலதானே போச்சு?"

நான் நின்றுவிட்டேன்.

"டாக்டரு அப்படித்தானே சொன்னாரு? இல்ல, நான் அனுப்புறத நிறுத்தினதாலதான் இவன் கெழங்குக்கு வெளிய வந்தான். அது எனக்குத் தெரியும். அந்தப் புள்ள என்னால போயிருந்தா, நான் நிறுத்தினது சரி. போகலேன்னா..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்த உண்மை அவரைக் காப்பாற்றியிருக்கும், அவர் மகனையும் காப்பாற்றியிருக்கும். இப்போது அதைச் சொன்னால் அவரைக் கொன்றுவிடும். அப்படித்தான் நினைத்தேன். எனக்காகவும் நினைத்திருப்பேன், அதை இத்தனை வருஷத்திலும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"ஆமாண்ணே. ஜீப்பாலதான்" என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. "அப்ப சரிதான்" என்றார். இன்னொரு தடவையும், "அப்ப நான் செஞ்சது சரிதான்" என்றார். பிறகு துணியால் பின் பலகையை நன்றாகத் துடைத்தார். ஸ்பேனரை எடுத்தார்.

"நேத்து ஒரு நட்ட முழுசா முறுக்கல மிஸ்ஸி, கை வரல. ஏறி உட்காருங்க."

ஏறி உட்கார்ந்தேன். அவர் அடியில் போனார்.